புதுப்பிப்பு: 5,000 ரூபாய்க்குள் இரண்டு நாள் ராமேஸ்வரம்

மதுரையிலிருந்து நாலு பேர் 5,000 ரூபாய்க்குள் எங்கே போகலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் கொடைக்கானல் என்றீர்கள். ஒருவர் மட்டும் ராமேஸ்வரம் என்றார், அங்கேதான் போனோம்.

முன்பதிவில்லாத பயணிகள் ரயில். போக நாலு பேருக்கும் 200 ரூபாய்கூட ஆகவில்லை. பாம்பன் புதிய பாலத்தில் ரயில் ஏறியதும் சின்னவன் ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

தனுஷ்கோடிக்கு ஆட்டோ வேண்டாம் என்று பஸ்ஸில் போனோம். 1964 புயலில் இடிந்த தேவாலயத்தைப் பார்த்துவிட்டு அரிச்சல்முனை வரை. வெயில்தான் கொன்றுவிட்டது, தொப்பி கட்டாயம். பேக்கரும்பில் கலாம் நினைவிடத்துக்குக் கட்டணமே இல்லை.

விடுதியில்தான் இடித்தது: சனிக்கிழமை என்று 600 ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டார்கள். மொத்தம் 5,340. அந்த 340 ரூபாய் சங்குக் கடையில் போனது என்று வீட்டம்மாவுக்கு ஞாபகப்படுத்தினால் சண்டை வரும்.