ஸ்காட்லாந்தில் வாக்களித்த அனுபவம்

ஸ்காட்டிஷ்காரர் என்ற உணர்வு ஆழமாக உள்ளவர்கள் எல்லாரும் தனிநாடு கேட்பார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எளிதில் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நான் பழகிய மனிதர்கள் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை.

என் அண்டை வீட்டு அம்மையார், ஓய்வுபெற்ற ஆசிரியை, தம்மை ஒருநாளும் பிரிட்டிஷ்காரி என்று சொல்லிக்கொண்டதில்லை. ஆனாலும் பிரிட்டனிலிருந்து பிரிந்து ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்று 2014 செப்டம்பர் 18 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 'வேண்டாம்' என்றே வாக்களித்தார். தனிநாடானால் பவுண்டைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்று பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அறிவித்திருந்த சமயம் அது. சமையலறை மேசையில் ஓய்வூதியக் கடிதத்தை விரித்து வைத்து, "இது இனி எந்தப் பணத்தில் வரும்?" என்று என்னிடம் கேட்டார். தனிநாடு கேட்டவர்கள் அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லவில்லை என்றே இன்றும் கருதுகிறேன். என்னுடன் பணியாற்றியவரோ யார்க்ஷயரில் பிறந்த ஆங்கிலேயர். தாம் வாழும் ஊருக்கான முடிவுகளை இங்கேயே எடுக்க வேண்டும் என்பதற்காக, 'ஆம்' என்ற சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்.

பிறப்பைப் பார்க்காமல் வசிப்பிடத்தைப் பார்த்து வாக்குரிமை தந்ததால், காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த எனக்கும் வாக்கு கிடைத்தது. லண்டனில் வேலை பார்த்த அந்த அம்மையாரின் மகனுக்கோ கிடைக்கவில்லை. அம்மையார் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் வாக்குச்சாவடியில் அந்த நினைவு உறுத்தியது.

ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் வாக்களித்ததில் 55 விழுக்காடு 'வேண்டாம்' என்றது. கிளாஸ்கோ உள்ளிட்ட நான்கு உள்ளாட்சிப் பகுதிகளில் மட்டும் 'ஆம்' வென்றது.

2016இல் நிலைமை மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா என்று பிரிட்டன் முழுவதும் நடந்த வாக்கெடுப்பில், நீடிக்க ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் வாக்களித்தும், மொத்தத்தில் வெளியேறும் தரப்பு வென்றதால் வெளியேற நேர்ந்தது. 2014இல் வாக்களித்த எங்கள் தெருப் போலந்துக் குடும்பத்துக்கு இம்முறை வாக்கே இல்லை, காமன்வெல்த் நாட்டவரான எனக்கு இருந்தது. பிரிட்டனோடு இருந்தால்தான் ஒன்றியத்தில் இடம் உறுதி என்று 2014இல் சொன்னதை நம்பியிருந்த அம்மையார், ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்தார். இன்னொரு வாக்கெடுப்பு வந்தால் 'ஆம்' என்பேன் என்கிறார். ஆனால் லண்டன் அரசின் இசைவின்றி ஸ்காட்டிஷ் நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்ற முடியாது என்று 2022 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். அந்த இசைவை மறுத்துக்கொண்டே போவது நியாயமில்லை என்பது என் கருத்து.