புது ப்ரூஃப் நாணயத்தில் வளைந்த கோடும் வெள்ளைப் புள்ளிகளும்: இதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?

வெள்ளிக்காசு:
பல வாரம் காத்திருந்து வாங்கிய வெள்ளி ப்ரூஃப் நாணயம், அதாவது சேகரிப்பாளருக்கென்று கண்ணாடி போல மெருகேற்றி அடித்தது, நேற்று கைக்கு வந்தது. அது இருக்கும் கேப்ஸ்யூலை, அந்த மூடிய உறையை, நான் இன்னும் திறக்கவே இல்லை. மேசை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால், நாணயத்தில் உள்ள முக உருவத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிப் பரப்பில் கொக்கி போல வளைந்த ஒரு கோடு. விளிம்புக்குப் பக்கத்தில் பால் தெறித்தது போல மூன்று வெள்ளைப் புள்ளிகள். லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் வெறும் கண்ணுக்கே தெரிகிறது. விற்றவர்களுக்கு எழுதினேன். தயாரிப்பில் இப்படி வருவது இயல்புதான் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

புழக்கத்துக்கு வரும் காசு மூட்டையில் கொட்டி, ஒன்றோடொன்று உரசித்தான் வரும். அதில் நூறு கீறல் இருந்தாலும் கேட்க மாட்டேன். ஆனால் இதை வாங்கியதே அந்தக் கண்ணாடிப் பரப்புக்காகத்தான். அதில் கோடு விழுந்திருந்தால் எதற்குக் கூடுதல் பணம் கொடுத்தேன்?

அச்சுப்பட்டறை:
உங்கள் வருத்தம் புரிகிறது நண்பரே. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ப்ரூஃப் என்பது ஒரு செய்முறையின் பெயர், மதிப்பெண் கிடையாது. வில்லையை, அதாவது இன்னும் அடிக்காத வெற்று உலோக வட்டத்தை மெருகேற்றுவார்கள், அதில் உருவத்தைப் பதிக்கும் அச்சையும் மெருகேற்றுவார்கள், சாதாரண நாணயத்தைவிட மெதுவாக, குறைந்தது இரண்டு முறை அடித்து எடுப்பார்கள். இப்படிச் செய்தது எதுவானாலும் ப்ரூஃப்தான், மேலே ஒரு கோடு இருந்தாலும்.

நான் அச்சு வேலையில் இருந்தவன். அச்சைத் துடைக்கும் துணியிலிருந்து ஒரு இழை போதும். அது அச்சுக்கும் வில்லைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் அப்படியே வெள்ளியில் பதிந்துவிடும். அதே இழை சாதாரணக் காசில் பதிந்திருந்தால் நீங்களும் நானும் கவனித்திருக்கவே மாட்டோம். கண்ணாடிப் பரப்பு எதையும் மறைக்காது, அதுதான் சிக்கல்.

பழைய நாணயங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1950 முதல் 1970 வரையிலான அமெரிக்க ப்ரூஃப்களில், உருவத்தை வெண்மையாகக் காட்ட அச்சுக்கு அமிலத்தால் கொடுத்த சொரசொரப்பு கொஞ்ச நாணயங்கள் அடிப்பதற்குள் தேய்ந்துவிடும். உருவம் வெண்மையாகவும் பின்னணி கருங்கண்ணாடியாகவும் இருக்கும் கேமியோ, ஒவ்வொரு அச்சிலும் முதலில் வந்த சில நாணயங்களுக்குத்தான் கிடைத்தது. 1970களில் அச்சுக்கு குரோம் பூச ஆரம்பித்த பிறகுதான் அது எல்லா நாணயத்திலும் வந்தது. இன்று கிடைக்கும் தரம் அன்றைய சேகரிப்பாளர்கள் கனவிலும் காணாதது.

நாணயப்பித்தன்:
சார், நீங்கள் பழைய கதையைத் தொட்டதால் நானும் ஒன்று சொல்கிறேன். 1936இல் அமெரிக்காவில் இருபது வருட இடைவெளிக்குப் பிறகு ப்ரூஃப் அடித்தார்கள். ஒரு சென்ட், ஐந்து சென்ட் நாணயங்கள் முதலில் மங்கலான சாட்டின் பளபளப்போடுதான் வந்தன. வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. இது என்ன ப்ரூஃப் என்று கேட்டார்கள். அதே வருடத்திலேயே கண்ணாடி மாதிரி மின்னும் வகைக்கு மாற்றினார்கள். அதனால்தான் 1936இல் இரண்டு வகை இருக்கிறது. செய்முறைப்படி சரியாகத்தான் இருக்கிறது என்று அன்றைக்கு எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இயல்புதான் என்ற பதிலை ஏற்றுக்கொண்டால் அடுத்த வருடம் இரண்டு கோடு வரும்.

பூதக்கண்ணாடி:
சண்டைக்கு முன்னால் அது என்ன கோடு என்று பார்த்துவிடலாமே. கோடு எல்லாம் ஒன்றல்ல.

விளக்கு ஒரே பக்கத்திலிருந்து விழட்டும். பக்கத்தில் இருக்கும் எழுத்து ஒன்றை முதலில் பாருங்கள். எழுத்து மேடு. அதன் விளக்குப் பக்கச் சரிவுதான் மின்னும். அப்புறம் கோட்டைப் பாருங்கள். கோட்டிலும் விளக்குப் பக்கம் மின்னினால் அதுவும் மேடு. எதிர்ப்பக்கம் மின்னினால் பள்ளம்.

மேடு என்றால் அது அச்சை மெருகேற்றியபோது அச்சில் விழுந்த கீறல். நாணயத்தின் வெற்றுப் பரப்புதான் அச்சில் உயர்ந்திருக்கும் பகுதி. உருவம் அச்சில் குழிக்குள் இருக்கும். மெருகேற்றும் கருவி குழிக்குள் போகாததால், இந்தக் கோடுகள் உருவத்தின் ஓரத்தில் சட்டென்று நின்றுவிடும். இதைக் குறையாக எண்ணாத சேகரிப்பாளர்கள் நிறைய உண்டு, நானும் அப்படித்தான்.

பள்ளம் என்றால் இரண்டு வாய்ப்பு. நாணயம் வெளியே வந்த பிறகு பட்ட கீறல் நேராக, கூர்மையாக இருக்கும், உருவத்தின் மேலும் ஏறிப் போகும், வெட்டுவாய் பளிச்சென்று தெரியும். இழை பதிந்த தடம் வளைந்திருக்கும், ஓரங்கள் மழுங்கியிருக்கும், அடிப்பகுதி மங்கலாக இருக்கும். வெள்ளிக்காசு, பார்த்துச் சொல்லுங்கள்.

அச்சுப்பட்டறை:
மேடம் சொன்னது முழுக்கச் சரி. நான் இன்னொன்றையும் சேர்க்கிறேன். நாணயத்தின் நிலைக்கு 1 முதல் 70 வரை தரும் மதிப்பெண்ணில், நம்மில் பலர் உச்சமான 70 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு நாணயத்தையே மறந்துவிட்டோம். ஷெல்டன் என்ற அமெரிக்க நாணய ஆய்வாளர் 1949இல் அந்த அளவுகோலைப் போட்டது பழைய அமெரிக்கப் பெரிய செம்புக் காசுகளுக்கு. 1 என்ற நிலையில் இருக்கும் காசைவிட 70 என்ற நிலையில் இருப்பது எழுபது மடங்கு விலை பெறும் என்ற கணக்கு அது. இன்று அதையே குறையின்மைக்கு அளவாக வைத்திருக்கிறோம். அதிலும் தரநிர்ணய நிறுவனங்கள் 70 கொடுக்க ஐந்து மடங்கு பெரிதாக்கித்தான் பார்க்கின்றன. நம் ஆட்கள் இருபது மடங்கில் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பெருக்கத்தில் எந்த உலோகப் பரப்பும் பாஸாகாது.

வெள்ளிக்காசு:
இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். எழுத்தில் விளக்குப் பக்கம் மின்னுகிறது, கோட்டில் எதிர்ப்பக்கம். அதனால் பள்ளம்தான். ஓரம் எங்கும் கூர்மை இல்லை. ஒரு முனையில் கோடு இரண்டாகப் பிரிகிறது, நூல் பிரிந்தது போலவே. அடிப்பகுதியில் மட்டும் பளபளப்பு இல்லை.

சார், நான் இருபது மடங்கில் பார்க்கவில்லை. கையை நீட்டிப் பிடித்தாலே தெரியும் கோட்டைத்தான் சொல்கிறேன்.

பூதக்கண்ணாடி:
அப்படியானால் சந்தேகமே இல்லை, இழைத் தடம். அடிக்கும்போதே பதிந்தது. நீங்களோ அனுப்பியவர்களோ கையாண்டதில் வந்ததல்ல.

நாணயப்பித்தன்:
அதாவது கேப்ஸ்யூலில் போடும்போதே அந்தக் கோடு இருந்திருக்கிறது. ஒருவர் கையுறை போட்டு எடுத்து, பார்த்து, மூடியிருக்கிறார். அடிக்கும்போது இழை விழுவதை மன்னிக்கலாம், அது யாருக்கும் நடக்கும். பார்த்த பிறகும் மூடி அனுப்பியதை எப்படி மன்னிப்பது?

வெள்ளைப் புள்ளிக்கும் வருகிறேன். அடிப்பதற்கு முன் வில்லையைக் கழுவிய மருந்து சரியாகப் போகாமல், பதப்படுத்தும் உலையில் சுட்டுப் படிந்துவிடுகிறது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம். தீர்க்க முடியாத விஷயம் என்றே வெகுகாலம் சொன்னார்கள். கனடாவின் அரசு நாணயச் சாலையான ராயல் கனடியன் மின்ட் 2018இல் தன் வெள்ளி மேப்பிள் லீஃப் நாணயங்களுக்கு மின்ட்ஷீல்டு என்ற முறையைக் கொண்டுவந்தது, இந்தப் புள்ளிகளைக் குறைப்பதற்காகவே. அது எடைக்கு விற்கும் முதலீட்டு நாணயம். அதற்கே அந்த அக்கறை எடுக்க முடிகிறபோது, சேகரிப்பாளருக்கென்றே செய்யும் ப்ரூஃபுக்கு ஏன் முடியாது?

அச்சுப்பட்டறை:
இழைத் தடம் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். வெறும் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அது சோதனை மேசையைத் தாண்டியிருக்கக் கூடாது. நான் வேலை செய்த இடத்தில் அப்படி ஒன்று வெளியே போயிருந்தால் அன்றைக்கு யாருக்கும் தூக்கம் இருந்திருக்காது.

புள்ளி விஷயத்தில் மட்டும் உடன்பட மாட்டேன். மூடும்போது சுத்தமாக இருந்த நாணயத்தில் மாதங்கள் கழித்தும் அது தலைகாட்டும். சோதித்தவர் கண்ணில் இல்லாத ஒன்றுக்கு அவரை எப்படிக் குறை சொல்வது? முறையை மாற்றச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆளைத் திட்டாதீர்கள்.

நாணயப்பித்தன்:
ஆளைத் திட்டவில்லை சார். ஆனால் எப்போது தலைகாட்டினாலும் வித்து அங்கே போட்டதுதான். புள்ளிக்கும் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பதில் நான் மாற மாட்டேன்.

பூதக்கண்ணாடி:
வெள்ளிக்காசு, மறுபடி எழுதும்போது இழைத் தடத்தை முன்னால் வையுங்கள், புள்ளியைப் பின்னால். விளக்கைச் சாய்த்து இரண்டு கோணத்தில் படம் எடுங்கள், பக்கத்து எழுத்தும் படத்தில் தெரியட்டும். என்ன ஆனாலும் கேப்ஸ்யூலைத் திறக்காதீர்கள், புள்ளியைத் துடைத்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். துடைத்தால் புள்ளி போகாது, மெல்லிய கீறல்கள்தான் மிஞ்சும். அதற்குப் பிறகு எது அவர்களுடையது எது உங்களுடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

வெள்ளிக்காசு:
திறக்கவில்லை மேடம். பிரிந்த நூல் முனை தெளிவாக விழுந்த ஒரு படம் கிடைத்திருக்கிறது. அதை வைத்தே இன்று இரவு எழுதுகிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.