தம்பிக்குக் காந்தத் தூண்டல் சிகிச்சை: அருகிலிருந்து கண்டவை

பதினோரு ஆண்டுகள் குடித்த என் தம்பி குடியை நிறுத்திய பிறகு எங்களை அதிகம் வாட்டியது அவனுடைய மறதிதான். அவன் தச்சு வேலை செய்பவன். டேப்பில் அளவைப் பார்த்துவிட்டுப் பலகையில் கோடு போடத் திரும்புவதற்குள் எண் மறந்துவிடும் என்பதால், 27¼ என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டே அறுப்பான். மருத்துவமனையில் 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது 93-க்கு மேல் நகர முடியாமல் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை இன்றைக்கு நினைத்தாலும் மனம் கனக்கிறது.

ஓர் எண்ணை நினைவில் நிறுத்துவதிலும் ஆசை எழும்போது கையைத் தடுப்பதிலும் முன்மூளைக்கே பெரும்பங்கு உண்டு என்றும், நெடுநாள் போதை அதைத் தளர்த்திவிடுகிறது என்றும் மருத்துவர் விளக்கினார். ராஞ்சியில் 45 குடிநோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், வலப்புற முன்மூளைக்கு 10 அமர்வுகள் காந்தத் தூண்டல் (தலைமேல் வைக்கும் சுருளிலிருந்து காந்தத் துடிப்புகளை மூளைக்குச் செலுத்துவது) பெற்றவர்களுக்கு, உண்மையான தூண்டல் இல்லாத போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிடக் குடிவேட்கை குறைந்திருந்தது. ஆனால் அங்கே முதன்மையாக அளக்கப்பட்டது வேட்கையே தவிர நினைவாற்றல் அல்ல என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

தம்பிக்கும் இந்தச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். முதல் நாள், கைக்கட்டைவிரல் துடிக்கும் வரை காந்தத்தின் வலிமையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, அவனுக்கு உரிய அளவைக் கண்டறிந்தார்கள். பிறகு சுருளைத் தலையில் வைத்ததும் சில நொடிகள் படபடவென்று தட்டல், சற்று ஓய்வு, மீண்டும் தட்டல். மயக்க மருந்து எதுவும் இல்லை. "யாரோ விரலால் சுண்டுகிற மாதிரி இருக்குக்கா" என்றான். மாலையில் லேசான தலைவலி இருந்தது.

மூன்றாம் வாரம் எழுதிக்கொள்ளாமல் அளவெடுத்தான். குடியை நிறுத்தினாலே மூளை ஓரளவு தேறும். தயாமினும் (வைட்டமின் B1) நல்ல உறக்கமும் ஆலோசனையும் கூடவே இருந்தன. ஆகவே இதில் காந்தத்தின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. நான்காம் மாதம் ஒருநாள் குடித்துவிட்டான். ஆனால் மறுநாள் காலையில் அவனே அழைத்துச் சொன்னான். முன்பெல்லாம் நாங்கள்தான் கண்டுபிடிப்போம்.

இச்சிகிச்சையை நாடுவோர், முன்பு வலிப்பு வந்திருந்தாலோ தலைக்குள் உலோகம் பொருத்தப்பட்டிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். குடியைத் திடீரென நிறுத்தும் நாட்களில் வலிப்பு வரக்கூடும் என்பதால், அந்தக் கட்டம் கடந்த பின்னரே என் தம்பிக்குத் தொடங்கினார்கள்.