பட்டாணிக்குள் புகுந்த வண்டு: உங்கள் அனுபவம் என்ன?

சிப்புட் கடைக்காரர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மூன்று தலைமுறையாகக் கச்சாங் பூத்தே என்னும் கடலை, பட்டாணி நொறுக்குத்தீனி வறுத்து விற்கும் குடும்பம் எங்களுடையது. தீபாவளிக்கு முன் வாங்கிய ஆஸ்திரேலியக் காய்ந்த பட்டாணியை இரவில் ஊறவைத்தோம். விடிந்து பார்த்தால் பாதிக்கு மேல் மிதக்கிறது. ஒன்றை நசுக்கினேன், தோலுக்குள் வெறும் பொடி. மிதந்த ஒவ்வொன்றிலும் ஆணியால் குடைந்ததுபோல் ஒரே ஒரு வட்ட ஓட்டை. "உங்கள் கிடங்கில் ஈரம்" என்று மொத்த வியாபாரி கையை விரித்துவிட்டார். நானும் நம்பிக் கிடங்கு முழுக்க மருந்தடித்தேன். செத்து விழ ஒரு வண்டுகூட அங்கே இல்லை. வேறு யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

விம்மேரா போய் வந்தவன்

அண்ணா, கிடங்கின்மேல் குற்றமில்லை. அது வயலிலேயே ஏறிய வண்டு. நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து விம்மேரா வட்டாரத்தில் ஒரு பருவம் பட்டாணிப் பண்ணையில் இருந்தேன். அங்கே மே, ஜூனில் விதைப்பு, செப்டம்பர் வாக்கில் பூ. குளிர் முழுவதும் மரப்பட்டை இடுக்கிலும் வேலிக்கம்பப் பிளவிலும் ஒடுங்கிக் கிடக்கும் வண்டு, வெயில் ஏறியதும் பூவைத் தேடி வரும். 5 மில்லிமீட்டர் உடம்பு, பழுப்பு நிறம், மேலே வெள்ளைத் திட்டுகள். மகரந்தம் தின்ற பிறகுதான் முட்டையிடும். பச்சைக் காயின் தோலில் மஞ்சளாக ஒட்டியிருந்த முட்டையை முதலாளி நக நுனியால் சுட்டிக் காட்டினார். காட்டியிராவிட்டால் தூசி என்றிருப்பேன். பொரிந்த புழு தோலைத் துளைத்து நேரே பட்டாணிக்குள் போய்விடும். ஒரு பட்டாணிக்கு ஒரு புழுதான் தேறும். உள்ளே போனபின் மேலே எந்த மருந்தை ஊற்றினாலும் அதற்கு உறைக்காது.

ஆகவே பூத்த நாள் முதல் எனக்கு வலை வீசும் வேலை. வயலோரத்தில் இடத்துக்கு 25 வீச்சு, பிறகு வலையைக் கவிழ்த்து எண்ண வேண்டும். வண்டு முதலில் ஓரத்தில்தான் இறங்கும். அப்போதே பிடித்துவிட்டால் விளிம்பைச் சுற்றி மட்டும் பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்தால் போதும். ஒரு வயலில் மழை, இயந்திரக் கோளாறு என்று பத்து நாளுக்கு மேல் தள்ளிப்போனது. பிறகு முழு வயலுக்கும் அடித்தார்கள். வண்டு செத்தது, புழு பிழைத்தது. அந்த விளைச்சல் மாட்டுத் தீவனமாகத்தான் போனது.

அறுவடைக்குப் பின் காற்றுப் புகாத கொள்கலனில் பாஸ்பீன் என்ற நச்சுவாயுவைப் புகையாகப் போடுவார்கள். அது உள்ளிருக்கும் புழுவையும் கொல்லும். உங்கள் மூட்டைக்குத் தாமதமாகப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். இந்த வண்டு காய்ந்த பட்டாணியில் முட்டையிடாது. அதனால்தான் உங்கள் கிடங்கில் பெருகவில்லை.

பழைய மருந்தடிப்புக்காரி

தம்பி சொல்வது வயல் வண்டு. தட்டைப்பயற்றில் வருவது வேறு. அது டின்னுக்குள்ளேயே மாதத்துக்கு ஒரு தலைமுறை பெருகும். பயற்றின்மேல் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் அது முட்டை.

தோட்டத்தில் முதுகில் பம்பு சுமந்து வேலை செய்த காலத்தில், மீந்த மருந்தில் கொஞ்சத்தை விதைப் பயற்றில் பிசறி மைலோ டின்னில் வைத்தேன். கெட்டிக்காரி என்ற நினைப்பு. மாமியார் அதையே சுண்டலுக்கு ஊறவைத்துவிட்டார். தண்ணீரில் அடித்த வாடையால் பிழைத்தோம். அன்றோடு பயற்றில் மருந்து பிசறுவதை விட்டேன். இப்போது விதைக்குக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி கடலெண்ணெய் பூசுகிறேன்; சமையலுக்கான பயறு ஒரு வாரம் உறைபெட்டியில் இருக்கும்.

இன்னொன்று. செம்பனை (எண்ணெய்ப்பனை) ஓரத்தில் பயறு போடுபவர்கள் பூச்சிமருந்தைக் கண்டபடி அடிக்காதீர்கள். என் அம்மா செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தை முகப்பவுடர் மாவில் கலந்து ஊதியே சம்பளம் வாங்கியவர். 1981இல் கேமரூனிலிருந்து வந்த, பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்கும் குட்டி வண்டுகளைத் தோட்டங்களில் விட்ட பிறகு அந்த வேலையே இல்லாமல் போனது. அம்மாவுக்கு அந்த வண்டின்மேல் கடைசிவரை கோபம்தான், அது வேறு கதை.

சிப்புட் கடைக்காரர்

நன்றி தம்பி, நன்றி அக்கா. நேற்று புதிய மூட்டைக்குப் பணம் கொடுக்குமுன் ஒரு கைப்பிடி அள்ளி, வியாபாரி எதிரிலேயே தண்ணீர்க் குவளையில் போட்டேன். மூன்று மிதந்தன. மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.