கல்பாத்திப் புழையோரம் 6 சென்ட்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

கஞ்சிக்கோட்டுக்காரன் கேட்டது:

வணக்கம். சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. பதினோரு ஆண்டுகளாகக் கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையில் வேலை செய்கிறேன். பாலக்காட்டு நகரத்தில் வாடகை வீடு. கல்பாத்திப் புழை என்ற ஆற்றிலிருந்து நூறடிகூட இல்லாத இடத்தில் 6 சென்ட்டும் பழைய ஓட்டு வீடும் விலைக்கு வந்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் கேட்கும் விலையில் மூன்றில் இரண்டு பங்குதான். 2018-இல் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று விற்பவரே மறைக்காமல் சொன்னார். தரகரோ, "அது நூறு வருடத்துக்கு ஒரு முறை வருவது, இனி நம் பேரன் காலத்தில்தான். அணையைத் திறக்கும் முறையும் மாறிவிட்டது" என்கிறார்.

முன்பணமாக 50,000 கொடுத்திருக்கிறேன். மனைவிக்கு மனம் ஒப்பவில்லை. 20 ஆண்டு வங்கிக் கடனில் வாங்கப் போகிறேன் என்பதால் எனக்கும் தூக்கம் இல்லை. வெள்ளத்தைக் கையாள்வதில் இந்த ஊர் உண்மையிலேயே மாறியிருக்கிறதா? ஆற்றோரத்தில் வசிப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வாளையாறு லாரி:

இந்த விலைக்கு நகரத்துக்குள் இடம் இனிக் கிடைக்காது. வாங்கிப் போடுங்கள். தரைத்தளத்தைத் தூண் மேல் உயர்த்தி மாடியில் குடியிருந்தால் போயிற்று.

ஆற்றோரத் தையல்கடை:

தம்பி, நான் அந்த ஆற்றோரத்தில்தான் இருக்கிறேன். 1987-இல் கல்யாணமாகி வந்தேன். அணையைக் கையாளும் விதம் மாறியிருக்கிறது. எச்சரிக்கை செய்யும் விதமும் மாறியிருக்கிறது. ஆற்றுக்கு இடம் விடும் விதம் மட்டும் மாறவில்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கப் போவது அந்த இடத்தைத்தான்.

என் மாமனார் இளவயதில் மலம்புழை அணை வேலைக்குப் போனவர். அன்று பாலக்காடு மதராஸ் மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1949-இல் வேலை தொடங்கி, 1955 அக்டோபரில் முதலமைச்சர் காமராஜர் அணையைத் திறந்துவைத்தார். அணை வருமுன் எங்கள் தெருவே கிடையாது என்பார் மாமனார். நெல்வயலும் கரையில் கைதைப் புதரும்தான். இடவப்பாதியில் (வைகாசி நடுவில்) மழை இறங்கினால் துலாம் (ஐப்பசி) கழியும்வரை வெள்ளம் வயலில் ஏறும், வடியும். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. கல்பாத்தி கிராமத்தில் போய்ப் பாருங்கள். அக்ரஹாரத் தெருக்கள் மேட்டில் இருக்கின்றன. விசுவநாத சுவாமியைத் தரிசிக்கத்தான் சாலையிலிருந்து படியிறங்க வேண்டும். சாமியை ஆற்றருகே வைத்த முன்னோர் தங்கள் வீட்டை ஆற்றருகே கட்டவில்லை.

அணை வந்ததும் அந்தப் பயம் போயிற்று. தண்ணீரை மேலேயே பிடித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் வயல் மனையாயிற்று. நான் வந்தபோது தெருவில் ஒன்பது வீடுகள். 2018-இல் நாற்பதைத் தாண்டியிருந்தன. ஆனால் எங்கள் புழைக்கு மலம்புழைத் தண்ணீர் மட்டும் வருவதில்லை. வாளையாறு, கோரையாறு, வரட்டாறு எல்லாம் இதில்தான் சேர்கின்றன. கோயம்புத்தூர் எல்லை மலையில் பெய்யும் மழையை மலம்புழை ஷட்டரால் நிறுத்த முடியாது.

2018-ஐச் சொல்கிறேன். அந்த ஆகஸ்ட் தொடக்கத்திலேயே அணை நிறைந்து ஷட்டர் திறந்திருந்தார்கள். 8-ஆம் தேதி இரவெல்லாம் மழை. 25-ஆம் தேதி திருவோணம் என்பதால் ரவிக்கைத் துணி குவிந்திருந்தது. வெட்டியதும் வெட்டாததுமாக அறுபதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் அளவுச் சீட்டைக் குண்டூசியால் குத்தி, இரண்டு அட்டைப் பெட்டிகளில் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். விடியுமுன் எழுந்து காலைக் கீழே வைத்தால் கணுக்கால் அளவு தண்ணீர். வாசலைப் பார்த்தேன், வாசல் காய்ந்திருந்தது! குளியலறைச் சாக்கடைத் துளை வழியாக அது குமிழியிட்டு மேலே வந்துகொண்டிருந்தது. நாங்களெல்லாம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீரோ பின்புறத் தோட்டின் (சிற்றோடையின்) வழியாக வந்தது. புழையில் நீர்மட்டம் உயர்ந்ததும், அதில் போய்ச் சேர வேண்டிய தோட்டு நீர் எதிர்த்துத் திரும்பி ஊருக்குள் ஏறிவிட்டது. நகரத்துக்குள் ஓடும் சங்குவாரத்தோட்டுக் கரையிலும் சுந்தரம் காலனியிலும் வீடு வீடாக மூழ்கியது அந்த நாளில்தான். அரைமணி நேரத்தில் எந்திரத்தின் மிதிப்பலகை தெரியவில்லை. அரிசி டிரம் எழும்பி அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே நிலையில் இடித்துக்கொண்டு நின்றது. பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு பின் சுவர் ஏறிப் போனோம்.

வடிந்தபின் வந்து பார்த்தபோது சுவரில் கோடு என் மார்பளவில் இருந்தது. பெட்டிகளைத் திறந்தேன். துணியெல்லாம் ஒரே சேற்றுக் கட்டி. அளவுச் சீட்டுகளில் மை கரைந்து யாருடைய துணி எது என்றே தெரியவில்லை. அரசு கொடுத்த 10,000 ரூபாயில் எந்திரத்துக்கு மோட்டார் மாற்றினேன். துணிக்காரர்களில் பாதிப் பேர் பணம் வேண்டாம் என்றார்கள். மற்றவர்களுக்குக் கொடுத்துத் தீர்க்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. முந்தின இரவு எங்கள் தெருவுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. எனக்கு அதுதான் இன்றும் ஆறவில்லை.

இப்போது அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அணையின் முழு மட்டம் 115.06 மீட்டர். மழைக்காலத்தில் எந்தத் தேதியில் எந்த அளவுக்கு மேல் நிறுத்தக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ரூல் கர்வ் என்று செய்தித்தாளில் வருகிறதே, அதுதான். திறக்குமுன் நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று படிப்படியாக எச்சரிக்கை வருகிறது. 'நம்மள் நமுக்காயி' என்ற பெயரில் உள்ளாட்சி அமைப்புகள் பேரிடர்த் திட்டம் எழுதியபோது எங்கள் தெருக் கூட்டத்தில் நானும் இருந்தேன். படுக்கையில் கிடப்பவர் எந்த வீட்டில், கர்ப்பிணி எந்த வீட்டில், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்குவது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினோம். என் கையெழுத்திலும் இரண்டு பக்கம் உண்டு. மழை பலத்தால் மைக் கட்டிய ஜீப் வருகிறது. உயிருக்கு இது போதும். வீட்டுக்கும் தொழிலுக்கும் போதாது.

ஒன்று கேட்கிறேன். ஆதாரத்தை, அதாவது மனைப் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தீர்களா? அதில் 'நிலம்' என்று இருக்கிறதா, 'புரையிடம்' என்று இருக்கிறதா? தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வருபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நாம் எந்த மண்ணையும் நிலம் என்போம். கேரள வருவாய்க் கணக்கில் நிலம் என்றால் நெல்வயல். புரையிடம்தான் வீடு கட்டும் மேட்டு மண். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், தண்ணீர்த்தட (ஈரநில)ப் பாதுகாப்புச் சட்டம் வயலை நிரப்பக் கூடாது என்கிறது. அதற்கென்று டேட்டா பேங்க் என்ற பதிவேடும் உண்டு. கிருஷி பவனில் (வேளாண்மை அலுவலகத்தில்) கேட்டுப் பாருங்கள். நீங்கள் பார்த்த மனை அதில் வயலாக இருந்தால், புழைக்கும் அது வயல்தான், இறங்கி வரும்.

ஒலவக்கோடு சிவில்:

அம்மா சொன்னதில் தொழில்நுட்பமாக ஒன்று சேர்க்கிறேன். 'நூறு ஆண்டு வெள்ளம்' என்றால் நூறு ஆண்டுக்கு ஒரு முறை முறைவைத்து வருவது என்று பொருள் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. 2018-இல் வந்ததால் 2019-இல் அந்த வாய்ப்பு குறைந்துவிடாது. உங்கள் 20 ஆண்டுக் கடன் முடிவதற்குள் அப்படியொரு வெள்ளம் ஒரு முறையாவது வருவதற்கு ஏறக்குறைய 18 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 25 ஆண்டு வெள்ளம் என்று வகுக்கப்படுவதற்கு அதே 20 ஆண்டில் 55 விழுக்காட்டுக்கு மேல். தாழ்ந்த மனைக்கு இந்த இரண்டாவது கணக்குதான் முக்கியம். தரகர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆற்றுக்கு இடம் விடுவதற்கான சட்ட வரைவு டெல்லியிலிருந்து 1975-லேயே மாநிலங்களுக்குப் போயிற்று. மருத்துவமனை, மின்நிலையம் போன்றவை நூறு ஆண்டு வெள்ளமட்டத்துக்கு மேலே, வீடுகள் 25 ஆண்டு மட்டத்துக்கு மேலே, அதற்குக் கீழே பூங்காவும் விளையாட்டு மைதானமும் என்பது அதன் வழிகாட்டுதல். மணிப்பூர், ராஜஸ்தான் போன்ற சில மாநிலங்கள்தான் சட்டமாக்கின. 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் அப்படியொரு சட்டம் இல்லை. அந்த ஆகஸ்ட் 1 முதல் 19 வரை மாநிலத்தில் இயல்பாக 287.6 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 758.6 மில்லிமீட்டர் பெய்தது. அடுத்த ஆண்டு முதலமைச்சர் பினராயி விஜயன் நெதர்லாந்து போய், கரையைப் பின்தள்ளி ஆற்றுக்கு இடம் கொடுக்கும் அவர்களுடைய திட்டத்தைப் பார்த்துவந்தார். இங்கே அந்தப் பேச்சு பெரும்பாலும் ஆலப்புழைப் பக்கத்துத் தாழ்நிலமான குட்டநாட்டைச் சுற்றியே நடந்தது. பாலக்காடு போன்ற சிறிய நகரத்துக்கு 2008 சட்டம்தான் கையிலிருக்கும் கருவி. நெல்லுக்காகப் போட்ட சட்டம் என்றாலும், வெள்ளம் பரவும் வயலை இன்றைக்குக் காப்பது அதுதான்.

தூண் மேல் கட்டலாம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டலாம், ஆனால் செப்டிக் டேங்கையும் கிணற்றையும் தூக்கி மாடியில் வைக்க முடியாது.

தோட்டுக்கரை மகன்:

எல்லாரும் வாங்காதே என்கிறீர்கள். நாங்கள் தோட்டுப் புறம்போக்கில் இரண்டு தலைமுறையாக இருக்கிறோம். எங்களுக்கு வாங்கும் பேச்சே இல்லை. ஆற்றுக்கு இடம் விட வேண்டும் என்று படித்தவர்கள் சொல்லும்போதெல்லாம், அப்படியானால் நாங்கள் எங்கே போவது என்று என் அம்மா கேட்கிறாள். மேட்டில் எங்களுக்கு யார் மூன்று சென்ட் கொடுப்பார்கள்?

ஆற்றோரத் தையல்கடை:

உங்கள் அம்மா கேட்பது நியாயமான கேள்வி. நான் அவரைப் போகச் சொல்லவில்லை. இடம் கொடுக்காமல் போகச் சொல்வது அக்கிரமம். கடலோரத்தில் 'புனர்கேஹம்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. அலையடிக்கும் 50 மீட்டருக்குள் இருக்கும் மீனவக் குடும்பம் விரும்பி இடம் மாறினால், மனைக்கும் வீட்டுக்குமாக 10 லட்சம் கொடுக்கிறார்கள். அதே கையை ஆற்றோரத்துக்கும் நீட்டச் சொல்லி எங்கள் வார்டுக் கூட்டத்தில் மூன்று முறை கேட்டுவிட்டேன். மினிட்ஸில் எழுதிக்கொண்டார்கள். நான்காம் முறையும் கேட்பேன், நீங்களும் உங்கள் வார்டில் கேளுங்கள். 'இனி ஞான் ஒழுகட்டே' என்று தோடுகளை மீட்கும் இயக்கம் வந்தபோது எங்கள் தோட்டையும் தூர் வாரினார்கள். தண்ணீர் தெளிந்து ஓடியதை இரண்டு மழைக்காலம் கண்ணால் பார்த்தேன். பிறகு மேலே ஒரு வயலை நிரப்பினார்கள், அந்த மண் கரைந்து வந்து மறுபடி மேடாகிவிட்டது. தோட்டுக்கரையில் இருப்பவர்களால் அது மேடாகவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

கஞ்சிக்கோட்டுக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று விடுப்புப் போட்டு வில்லேஜ் ஆபீசுக்கும் கிருஷி பவனுக்கும் போனேன். ஆதாரத்தில் முன்பக்கம் 'புரையிடம்' என்றுதான் தட்டச்சு செய்திருக்கிறது. அடிப்படை வரிப் பதிவேட்டில் பார்த்தால் 'நிலம்'. டேட்டா பேங்கிலும் அந்த சர்வே எண் இருக்கிறது. தரகரிடம் கேட்டதற்கு, "விண்ணப்பம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார்.

திரும்பி வரும்போது அந்த மனைக்கு மறுபடி போனேன். வெள்ளையடித்த சுவரில் ஒன்றும் தெரியவில்லை. கதவுக்குப் பின்னால், சுண்ணாம்பு படாத இடத்தில், என் இடுப்புக்கு மேலே பழுப்பாக ஒரு கோடு இருந்தது. மனைவிக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

அம்மா, ஒரு சந்தேகம். முன்பணத்துக்கு முத்திரைத்தாளில் கரார் (ஒப்பந்தம்) எழுதியிருக்கிறோம். அதைத் திரும்பக் கேட்கலாமா?

ஆற்றோரத் தையல்கடை:

கேளுங்கள் தம்பி. கராரில் மண்ணின் வகை என்னவென்று எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். புரையிடம் என்று எழுதியிருந்தால், பதிவேட்டில் நிலம் என்றிருப்பதைக் காட்டிக் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் தரகரிடம் பேசாதீர்கள், விற்பவரிடம் நேரே போங்கள். தண்ணீர் வந்ததை மறைக்காமல் சொன்னவர் என்கிறீர்கள். அவரும் அந்த வீட்டில் நனைந்தவர்தான். அப்படியும் தரவில்லை என்றால் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு அடுத்த அடி வையுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.