அவசரம்: அடுத்த வெள்ளி ரோட் ட்ரிப், ரென்டல் கார் தர மாட்டேங்கறாங்க

திருச்சிப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். தெரிஞ்சவங்க கொஞ்சம் சீக்கிரம் பதில் சொல்லுங்க ப்ளீஸ். அடுத்த வெள்ளிக்கிழமை ரோட் ட்ரிப் கிளம்பறோம். மாமனார் மாமியார் ஊர்லேர்ந்து அமெரிக்கா வந்திருக்காங்க. இந்த வயசுக்கு இன்னொரு தடவை வருவாங்களான்னு தெரியாது. யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன், அப்புறம் கடலோரமா போற ஹைவே ஒன், எல்லாம் ஒன்பது நாள்ல பாத்துட்டு வர்றதா ப்ளான். மோட்டலுக்குப் பணம் கட்டியாச்சு. இன்னிக்கு கார் ரென்டலுக்கு ஃபோன் பண்ணினா, வீட்டுக்காரரோட தமிழ்நாடு லைசென்ஸ் செல்லாது, கார் தர முடியாதுன்னு ஒரே பிடியா நிக்கறாங்க. அவர் ஊர்ல பல வருஷமா வண்டி ஓட்டினவர். இப்ப என்ன பண்றது? மாமியார்கிட்ட இன்னும் சொல்லல. கையும் ஓடல காலும் ஓடல.

டெக்சாஸ் தமிழன்:
பயப்படாதீங்க சிஸ்டர். புதுசா குடி வந்தவங்களுக்கு 90 நாள் டைம் இருக்கு, அதுவரைக்கும் ஊர் லைசென்ஸ்ல ஓட்டலாம். வேற கம்பெனில கேளுங்க. அதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு. தெற்குப் பக்கம் போறதா இருந்தா எல்லாரோட பாஸ்போர்ட்டும், நாட்டுக்குள்ள வந்ததுக்கான ஐ-94 பதிவும் கையில இருக்கணும். மெக்சிகோ எல்லையிலேர்ந்து பல மைல் உள்ளேயும் பார்டர் பேட்ரோல் செக்போஸ்ட் போட்டிருப்பான். டெக்சாஸ் பிக் பெண்ட் பூங்கா போயிட்டு வடக்கே திரும்பும்போது நிறுத்துவான். நியூ மெக்சிகோல வொயிட் சாண்ட்ஸ் பக்கம் யூஎஸ் 70ல நிறுத்துவான். 18 வயசு தாண்டின வெளிநாட்டுக்காரங்க அந்தப் பேப்பரை எப்பவும் உடம்போட வச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு. ஃபோன்ல ஃபோட்டோ இருக்குன்னு கிளம்பிடாதீங்க.

ஜெர்சி கோவைக்காரன்:
ஐடிபி, அதாங்க இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட், எடுத்துக்குங்க, முடிஞ்சுது. அது இருந்தா எந்த ஸ்டேட்லயும் பிரச்சனை இல்லீங்க.

அயோவா அண்ணாச்சி:
ஐடிபி இங்க எங்க தம்பி கிடைக்கும்? அது ஊர் ஆர்டிஓ குடுக்கறது. இங்க ட்ரிபிள் ஏங்கற மோட்டார் சங்கம் குடுக்கறது அமெரிக்க லைசென்ஸ் உள்ளவனுக்கு மட்டும்தான். அதுவும் லைசென்ஸ் இல்ல, லைசென்ஸோட மொழிபெயர்ப்பு.
தங்கச்சி, நீங்க கார் இல்லாம ஒன்பது நாள் ட்ரிப் போச்சேன்னு அழறீங்க. நாங்க வந்த முதல் குளிர்காலம் பூரா கார் கிடையாது. வால்மார்ட்டுக்கு ரோட்டோரம் பனியில நடந்து போவோம், நடைபாதையே இருக்காது. பால் கேனைத் தூக்கிட்டு வரும்போது கைவிரல் மரத்துப்போய் வீட்டுச் சாவியைத் திருப்ப முடியாது. எம் பொண்டாட்டி கதவை உள்ளேர்ந்து திறந்து, என் கையைப் பிடிச்சு வெதுவெதுப்பான தண்ணிக்குள்ள வைப்பா. அந்த ஊர்ல இன்னொரு தமிழ்க் குடும்பம் இருக்குன்னு எங்களுக்குத் தெரியவே வசந்தம் வந்துடுச்சு. இப்ப உள்ள பிள்ளைகளுக்கு இந்த மாதிரி இடத்துல கேக்கவாவது முடியுது, அதுல எனக்கு உண்மையா சந்தோஷம்.

சன்னிவேல் அக்கா:
மா, நீ எந்த ஸ்டேட்? டெக்சாஸ்ல 90 நாள்ங்கறது சரி. கலிஃபோர்னியால குடியிருப்பு ஆயிட்டா 10 நாளுக்குள்ள இங்கத்த லைசென்ஸ் எடுக்கணும்னு, லைசென்ஸ் குடுக்கற ஆபீஸான டிஎம்வி சொல்லுது. சுற்றிப் பாக்க வந்தவங்களுக்குத்தான் ஊர் லைசென்ஸ் போதும். நீங்க ரென்டல்காரனுக்கு எந்த அட்ரஸ் குடுத்தீங்க? என்ன விசா? எத்தனை பேர், குழந்தை உண்டா? இதெல்லாம் சொல்லாம யார் சொல்ற பதிலும் உனக்குப் பொருந்தாது.

மலைப்பாதைக் காதலன்:
வட கரோலினாவில் இருந்து எழுதுகிறேன். பெரியவர்களை அழைத்துக்கொண்டு யெல்லோஸ்டோன் வரை ஏன் போகிறீர்கள்? ப்ளூ ரிட்ஜ் பார்க்வே வாருங்கள். வர்ஜீனியா ஷெனன்டோவா பக்கம் தொடங்கி ஸ்மோக்கி மலை வரை 469 மைல். லாரி கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது, வேக வரம்பே பெரும்பாலும் 45 மைல்தான். 1935இல் வேலையைத் தொடங்கினார்கள். கிராண்ட்ஃபாதர் மலையின் பாறைச் சரிவை வெட்டிப் புண்ணாக்காமல் அதை ஒட்டி வளைந்து போகும் லின் கோவ் பாலத்தைக் கட்டி, 1987இல்தான் முழுச் சாலையும் இணைந்தது. ஒரு சாலைக்காக அரை நூற்றாண்டு பொறுமையாக இருந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் பல இடங்களைப் பிய்த்துப் போட்டுவிட்டது, ஆகவே எந்த மைல்கல் வரை திறந்திருக்கிறது என்று பூங்காத் தளத்தில் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஸ்காபரோ பொடியன்:
வணக்கம் தங்கச்சி. நாங்கள் கனடாப் பக்கத்திலயிருந்து பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு வருசா வருசம் வாகனம் பிடிச்சுப் போறனாங்கள். வயசு போன ஆக்களை ஏத்திக்கொண்டு போகேக்க ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா கட்டாயம் நிப்பாட்டுங்கோ. மாநில எல்லை தாண்டின உடன வெல்கம் சென்டர் வரும், கழிவறை துப்புரவா இருக்கும், நிழல்ல இருந்து சாப்பிட மேசையும் கிடக்கும். நயாகராப் பக்கம் போனா ‘அமெரிக்காவின் கடைசி எக்ஸிட்’ எண்ட பலகையைக் கவனிச்சுக்கொள்ளுங்கோ. பாலத்தில ஏறினாப் பிறகு பாதியில திரும்ப ஏலாது. விசா முத்திரை முடிஞ்ச ஆக்களுக்கு அது பெரிய கரைச்சல்.

ஜெர்சி கோவைக்காரன்:
அண்ணாச்சி சொன்னது சரிதானுங்க, ஐடிபி ஊர்லதான் எடுக்கணும். ஆனா எனக்கு வேற ஒரு ஆதங்கம். வருஷத்துக்கு கைவிரல் விட்டு எண்ற அளவு லீவு. அதுல அம்மா அப்பாவ ஒரு வாரம் வெளிய கூட்டிட்டுப் போனா மிச்ச நாளெல்லாம் அவங்க ஜன்னலோரம் உக்காந்து ரோட்டப் பாத்துட்டு இருக்காங்க. பேச்சுத் துணைக்கு ஆளில்ல, பஸ் இல்ல. கூட்டிட்டு வந்து கூண்டுல வச்ச மாதிரி ஆயிடுதுங்க.

டெக்சாஸ் தமிழன்:
அதேதான் ப்ரோ. அதோட சாப்பாடு. எங்க அப்பாவுக்கு வழி முழுக்க கிடைச்சது ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்தான். பீன்ஸ் வாங்கினா பன்றிக் கொழுப்புல செஞ்சதான்னு கேட்டு வாங்கணும்.

மலைப்பாதைக் காதலன்:
என் அம்மா ஒரு மலையுச்சியில் நின்று ‘கொடைக்கானல் மாதிரிதானே இருக்கு, இதுக்கா இவ்வளவு செலவு’ என்றார்கள். பணத்தைப் பற்றிய கவலைதான் அப்படிப் பேச வைக்கிறது. விலையை ரூபாயில் மாற்றிச் சொல்வதை நிறுத்திய பிறகு நிம்மதியாகப் பார்த்தார்கள்.

அயோவா அண்ணாச்சி:
மோட்டல் ரூம்ல தாளிச்சா புகை அலாரம் கத்தும், அதுக்கு அபராதம் வேற. ரைஸ் குக்கர்ல சாதம் மட்டும் வைங்க, புளிக்காய்ச்சல வீட்லயே செஞ்சு பாட்டில்ல எடுத்துட்டுப் போங்க.

சன்னிவேல் அக்கா:
எல்லாரும் கொஞ்சம் பொறுங்க. அந்தப் பொண்ணு கேட்டதுக்கு வருவோம். திருச்சிப்பொண்ணு, இருக்கியா மா?

திருச்சிப்பொண்ணு:
இருக்கேன் அக்கா. சாரி, பதட்டத்துல எதையும் சொல்லல. நாங்க சான் ஹோசே. ஜனவரில வந்தோம். அவர் ஹெச்1 வேலை விசா, நான் அவரைச் சார்ந்த ஹெச்4. குழந்தை இல்ல. நாங்க ரெண்டு பேரு, அத்தை, மாமா. மாமாவுக்கு சுகர், இன்சுலின் போட்டுக்கறார். சொந்தக் கார் இன்னும் வாங்கல. அவருக்கு டிஎம்வி போக நேரமே கிடைக்கல. நான் வீட்ல சும்மா இருக்கேனேன்னு டிரைவிங் ஸ்கூல் போய் கலிஃபோர்னியா லைசென்ஸ் வாங்கிட்டேன்.

சன்னிவேல் அக்கா:
கண்ணு, இத முதல்லயே சொல்லக்கூடாதா! உங்கிட்டதானே லைசென்ஸ் இருக்கு. உன் பேர்ல கார் எடு.

திருச்சிப்பொண்ணு:
நானா? ரோடு டெஸ்ட்டுக்கு அப்புறம் நான் ஸ்டியரிங்கே தொடல அக்கா. மலை ரோடெல்லாம் பயம். அவரும், ‘நான் கூட உக்காந்துக்கறேன், முடியாத இடத்துல மாத்தி ஓட்டறேன்’ங்கறார்.

சன்னிவேல் அக்கா:
அவர் ஒரு அடிகூட ஓட்டக்கூடாது. இங்க செல்லற லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கையை விரிச்சிடும். உன் வயசு 25க்குக் கீழன்னா தினசரி எக்ஸ்ட்ரா கட்டணம் போடுவாங்க. உன் பேர் அச்சடிச்ச க்ரெடிட் கார்டு இருக்கா? அவர் கார்டுலயே உன்னைச் சேர்த்து ஒரு கார்டு வாங்கியிருந்தா, அதை ஏத்துப்பாங்களான்னு இன்னிக்கே ஃபோன்ல கேட்டுடு. சொந்தக் கார் இல்லாததால உங்களுக்குத் தனியா இன்சூரன்ஸ் இருக்காது. க்ரெடிட் கார்டு தர்ற பாதுகாப்பு ரென்டல் காருக்கு வர்ற சேதத்துக்கு மட்டும். எதிர் வண்டிக்கும் ஆளுக்கும் ஆகறதுக்கு லயபிலிட்டி தனியா வாங்கு, இதுல மிச்சம் பிடிக்காதே.

அடுத்தது உன் ப்ளான். சான் ஹோசேலேர்ந்து யெல்லோஸ்டோன் 950 மைல் இருக்கும். அங்கேர்ந்து கிராண்ட் கேன்யன் 800க்கு மேல. திரும்பி வீடு வர்றதையும் கூட்டினா 2500 மைல் ஆகுது. புது டிரைவர் ஒருத்தி, பின்னாடி சுகர்காரர். வேண்டாம் மா. அந்த மோட்டல் பணத்துல திரும்பி வர்றதை வாங்கிக்கோ, வராததை விட்டுடு. அடுத்த வாரம் மெமோரியல் டே லீவு வேற, எங்க பாத்தாலும் கூட்டம்.

ஹைவே ஒன்னை மட்டும் நிதானமா பாருங்க. எல்லாரும் வடக்கேர்ந்து தெற்கே போவாங்க, கடல் பக்கத்து லேன் கிடைக்கும்னு. நீ தெற்கேர்ந்து வடக்கே வா. இங்க வலது பக்கம் ஓட்டறதால உன் லேன் மலையை ஒட்டி இருக்கும், பள்ளம் எதிர் லேனுக்கு அந்தப் பக்கம். பயம் பாதியாயிடும். கிளம்பறதுக்கு முன்னாடி காரை ரெண்டு நாள் முன்னவே எடுத்து, சாயங்காலம் ட்ராஃபிக் அடங்கினப்புறம் 280ல ஓட்டிப் பழகு. சான் ஹோசேலேர்ந்து சான் ஃப்ரான்சிஸ்கோ போற அந்த ரோடே பாக்க அவ்வளவு அழகு.

வெள்ளிக்கிழமை 101ல தெற்கே இறங்குங்க, அகலமான ரோடு. கலபாசஸ்ல லாஸ் விர்ஜினெஸ் ரோட்ல எக்ஸிட் எடுத்தா மாலிபு பெருமாள் கோயில், லாஸ் ஏஞ்சலஸ் நகர நெரிசலுக்குள்ள போகவே வேண்டாம். வர்ற வழியில சான் லூயிஸ் ஒபிஸ்போல ஹைவே ஒன் பிடிங்க. ஹெர்ஸ்ட் கேஸில்ங்கற பழைய மாளிகையைத் தாண்டி நாலஞ்சு மைல்ல பியத்ராஸ் ப்ளான்காஸ் கடற்கரை. ரோட்டை ஒட்டியே பார்க்கிங், பலகை நடைபாதைல நாலு எட்டு வச்சா கீழ மணல்ல யானை சீல்கள் கும்பலா படுத்திருக்கும். மே மாசம் அதுங்க தோல் உரிக்கிற நேரம். பழைய தோல் பட்டை பட்டையா தொங்கும், துடுப்பால மணலை வாரி முதுகுல போட்டுக்கும், ஏப்பம் விடற மாதிரி ஒரு சத்தம். டிக்கெட் கிடையாது. எங்க மாமியார் அங்க நின்னவங்க நகரவே மாட்டேன்னுட்டாங்க.

அங்கேர்ந்து பிக் சர் வழியா மான்டரே. தொண்ணூறு மைல் சொச்சம்தான், ஆனா மூணு மணி நேரம் வச்சுக்கோ. பின்னாடி அஞ்சு வண்டி சேர்ந்துட்டா ரோட்டோரம் ஒதுங்கறதுக்கு விட்டிருக்கற டர்ன்அவுட்ல ஒதுங்கி வழி விடணும், அது சட்டம். யாரும் ஹார்ன் அடிச்சாலும் வேகம் கூட்டாதே. பெரும்பாலான இடத்துல ஃபோன் சிக்னல் இருக்காது, மேப்பை டவுன்லோட் பண்ணிக்கோ. அந்த ரோடு அடிக்கடி மண் சரிஞ்சு மூடும், மாநில ரோடு துறையோட கால்ட்ரான்ஸ் குவிக்மேப்ல காலைல பாத்துட்டுக் கிளம்பு. மூடியிருந்தா 101லயே மான்டரே வந்து, அங்கேர்ந்து பதினெட்டு மைல் தெற்கே போய் பிக்ஸ்பி பாலத்தை மட்டும் பாருங்க. 1932ல கட்டினது, கீழ பள்ளத்தாக்கு 260 அடி.

திருச்சிப்பொண்ணு:
அக்கா, படிக்கும்போதே கண்ணு கலங்கிடுச்சு. யோசெமிட்டி போக முடியுமா? மாமா அருவி பாக்கணும்னு ஆசைப்படறார்.

சன்னிவேல் அக்கா:
மே மாசம் அருவிக்கு நல்ல நேரம், பனி உருகி ஓடும். மெர்செட்ல காரை விட்டுட்டு யார்ட்ஸ் பஸ்ல போங்க, ஹைவே 140 வழியா பள்ளத்தாக்குக்கே கொண்டு போய் விடும். யோசெமிட்டியோட கிழக்கு வாசலான டயோகா கணவாய்ப் பக்கம் இப்ப நினைக்காதே. கிட்டத்தட்ட பத்தாயிரம் அடி, பனியைப் பொறுத்துத்தான் திறப்பாங்க. 2023ல ஜூலை 22 ஆயிடுச்சு. இன்னொன்னு, 2026 ஜனவரிலேர்ந்து யோசெமிட்டி சேர்த்து 11 பூங்காக்கள்ல, இங்க குடியிருக்காத 16 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம். அத்தை மாமாவுக்கு எப்படி வரும், பஸ்ல போனா எப்படின்னு பூங்காத் தளத்துல பாத்துட்டு டிக்கெட் எடு.

ஸ்காபரோ பொடியன்:
இன்சுலினைப் பூட்டின காருக்குள்ள விட்டிட்டு இறங்க வேண்டாம், வெக்கையில பழுதாகிடும். ஐஸ் பெட்டியில வைக்கேக்க ஐஸில நேர முட்டாமல் துணியில சுத்தி வையுங்கோ.

டெக்சாஸ் தமிழன்:
போலீஸ் பின்னாடி லைட் போட்டா ஓரமா நிறுத்தி, கண்ணாடிய இறக்கிட்டு ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல வைங்க சிஸ்டர். ஊர்ல மாதிரி யாரும் இறங்கிப் போய்ப் பேசக்கூடாது, மாமாகிட்டயும் முன்னாடியே சொல்லி வைங்க.

திருச்சிப்பொண்ணு:
ரென்டல்ல பேசிட்டேன். எனக்கு 27, என் பேர் போட்ட கார்டு போதும்னுட்டாங்க. புதன்கிழமை கார் எடுக்கறேன். அத்தைகிட்டயும் சொல்லிட்டேன். ‘நீ ஓட்டறியா, அப்ப நான் முன்னாடி உக்காருவேன்’னாங்க. பெட்ரோல் நானே போடணுமாமே, அது எப்படி?

சன்னிவேல் அக்கா:
பம்ப்ல கார்டு சொருகினா ஜிப் கோட், நம்ம ஊர் பின்கோடு மாதிரி, கேக்கும், கார்டுக்குக் குடுத்திருக்கற வீட்டு அட்ரஸ் ஜிப்பைப் போடு. ஏத்துக்கலைன்னா உள்ள போய் பம்ப் நம்பரைச் சொல்லி 40 டாலர்னு முன்பணம் கட்டு, மிச்சத்தைத் திருப்பிடுவாங்க. சாதா பெட்ரோல், ரெகுலர் 87னு போட்டிருக்கறது போதும். டீசல் குழாயைத் தொடாதே. பிக் சர்க்குள்ள விலை ரொம்ப அதிகம், சான் லூயிஸ் ஒபிஸ்போலயே ஃபுல் பண்ணிடு.