பனி பெய்தால்தான் காதல் வருமா?

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்
14 டிசம்பர் 2025, ஞாயிறு

இரவு 9:04

ஜாய்ஸ் (லீட்ஸ், இங்கிலாந்து): [படம்]

ஜாய்ஸ்: பெரியம்மா, சித்தி, ஸ்தோத்திரம். ஒரு உதவி வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் இந்த கிறிஸ்துமஸுக்குப் பரிசுக்குப் பதில் ஆளுக்கொரு புத்தகம் மாற்றிக்கொள்கிறோம். இதுவரை வந்து சேர்ந்தவை இவை. அட்டைகளைப் பாருங்கள்.

டேவிட்: எல்லாம் ஒரே அட்டைதானே? நீல ராத்திரி, பனி, மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு கடை, சிவப்பு மஃப்ளர் சுற்றிய பெண்.

செல்வின் மாமா: ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்த மாதிரி. காசு மிச்சம்.

ஜாய்ஸ்: உண்மைதான் மாமா. லண்டனில் வேலை பார்க்கிற பெண், காதலன் கைவிட்டுவிடுகிறான். கிராமத்தில் அவளுடைய அத்தை நடத்தும் பேக்கரி நஷ்டத்தில் ஓடுகிறது, இவள் உதவிக்கு வருகிறாள். அங்கே ஒருவன். தச்சனாக இருப்பான், இல்லாவிட்டால் மாட்டு டாக்டர். மனைவி இறந்தவன், ஒரு பெண் குழந்தை, ஒரு நாய். முதல் சந்திப்பிலேயே சண்டை. நவம்பர் கடைசியில் ஆரம்பிக்கும் கதை டிசம்பர் 24ஆம் தேதி ராத்திரி முடிந்துவிடும்.

பியூலா சித்தி: வில்லன் யார்?

ஜாய்ஸ்: வில்லனே கிடையாது சித்தி. மிஞ்சிப்போனால் பேக்கரியை இடித்துவிட்டு ஃபிளாட் கட்ட வருகிற கம்பெனிக்காரன். அவனும் கடைசியில் ஒரு துண்டு கேக் தின்றுவிட்டுத் திருந்திவிடுவான்.

பியூலா சித்தி: வில்லன் இல்லாமல் முந்நூறு பக்கமா? நான் படிக்கிற சைட்டில் ஹீரோவே வில்லன்.

செல்வின் மாமா: முடிவு தெரிந்த கதையை எதற்கு ஏட்டி படிக்கிறாய்? மெனக்கெட்ட வேலை.

ஜாய்ஸ்: மாமா, பன்னிரண்டு மணி நேர டியூட்டியில் எந்த பெட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. 25ஆம் தேதியும் எனக்கு நைட். இங்கே இன்னும் நாலு மணிகூட ஆகவில்லை, வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு வந்து போர்வைக்குள் படுக்கிற நேரத்தில் முடிவு தெரிந்த ஒன்றுதான் வேண்டியிருக்கிறது.

டேவிட்: அதுதான் அதன் சட்டமே. ரொமான்ஸ் நாவல் என்று சொல்ல அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இரண்டே நிபந்தனைதான் வைத்திருக்கிறது. காதல் கதையின் நடுவில் இருக்க வேண்டும். முடிவு மனநிறைவாகவும் நம்பிக்கையாகவும் இருக்க வேண்டும். கடைசியில் அழவிட்டால் அது வேறு நாவல்.

ஜாய்ஸ்: சரி, உதவி என்ன என்றால், என் பங்குக்கு நானும் ஒரு புத்தகம் வைக்க வேண்டும். "உங்கள் ஊரில் பண்டிகைக் காதல் கதை உண்டா" என்று வார்டு மேனேஜர் கேட்கிறார். உண்டு என்றால் நாலு வரி எழுதி ஒட்டச் சொன்னார். யோசித்துப் பார்த்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

இரவு 9:16

எஸ்தர் பெரியம்மா: இப்போதுதான் அச்சுமுறுக்கு முடிந்து அடுப்பை அணைத்தேன். எல்லாம் படித்துவிட்டேன். என்ன இப்படிக் கேட்டுவிட்டாய்? நம் ஊரில் இல்லாத கதையா?

செல்வின் மாமா: அக்கா வந்தாச்சு. இனிமேல் நமக்கு வேலை இல்லை.

எஸ்தர் பெரியம்மா: நீ சும்மா இரு. ஜாய்ஸ், தீபாவளி மலரை எல்லாம் மறந்துவிட்டாயா? ஒவ்வொரு மலரிலும் ஒரு தலை தீபாவளிக் கதையாவது இருக்கும். நாம் வேதக்காரர்கள், நமக்கு தீபாவளி இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டு மலரை ஆச்சி வாங்கிப் படிப்பாள். நம் வீட்டு கேக் அங்கே போகும், அவர்கள் மலர் இங்கே வரும்.

டேவிட்: அம்மா, அது கல்யாணம் ஆன பிறகு நடக்கிற கதை. ஜாய்ஸ் கேட்பது காதல் கதை.

எஸ்தர் பெரியம்மா: கல்யாணம் ஆனால் காதல் கூடாதா? இங்கிலீஷ்காரன் கதை எங்கே முடிகிறதோ அங்கேதான் நம் கதை தொடங்கும். அவர்களுக்கு மோதிரம் போட்டால் சுபம். நமக்கு மோதிரம் போட்ட பிறகுதான் யார் இவன், எப்படிப்பட்டவன் என்றே தெரியும். ரமணிசந்திரன் நூற்றுக்கும் மேலே நாவல் எழுதினாரே, அதில் எத்தனையில் முதலில் கல்யாணம், அப்புறம் சந்தேகம், அதற்கு அப்புறம் காதல்!

பியூலா சித்தி: அக்கா சொல்வது சரி. இப்போது ஆன்லைனில் எழுதுகிற பிள்ளைகளும் அதே ரூட்தான். கட்டாயத் தாலி, அப்புறம் நூறு எபி.

ஜாய்ஸ்: எபி என்றால்?

பியூலா சித்தி: எபிசோட். புது அத்தியாயம் போட்டால் யூடி, அதாவது அப்டேட். நான் படிப்பது ராத்திரி பத்து மணிக்கு வரும். ரைட்டருக்குக் காய்ச்சல் என்றால் எங்களுக்கும் தூக்கம் வராது.

எஸ்தர் பெரியம்மா: அதில் ஹீரோ கன்னத்தில் அறைகிறானாமே. மைனி சொன்னாள். அதைப் போய்க் காதல் கதை என்கிறாய்.

பியூலா சித்தி: அது ஆன்டி ஹீரோ கதை அக்கா. எல்லாக் கதையும் அப்படி இல்லை. அவன் அறைந்த அன்றைக்கு கமெண்டில் நாங்கள் விட்டோமா? "ஹீரோயின் உடனே மன்னிக்கக் கூடாது, அவனை நல்லா அலைய விடுங்க ரைட்டர்" என்று வரிசையாகப் போட்டோம். அதற்கு அப்புறம் முப்பது எபி அலைந்தான்.

ஜாய்ஸ்: அறைந்தவன் எத்தனை எபி அலைந்தாலும் எனக்கு ஆகாது சித்தி. நான் படிக்கிறதில் ஹீரோ அதிகபட்சமாகச் செய்கிற கொடுமை, அவள் போனை எடுக்காமல் இருப்பது. பிறகு மன்னிப்புக் கேட்டு சூப் வைத்துக் கொடுப்பான்.

பியூலா சித்தி: சூப் வைப்பவனை எந்தப் பெண்தான் கட்டிக்கொள்ள மாட்டாள்? அதில் என்ன கதை இருக்கிறது?

எஸ்தர் பெரியம்மா: பியூலா, நான் உன்னைக் குறை சொல்லவில்லை. எங்கள் காலத்துக் கதாநாயகர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பெரிய பணக்காரனாக இருப்பான், நாக்கில் விஷம். அப்போது கமெண்ட் போட இடம் இல்லை, மனதுக்குள் திட்டிக்கொண்டே அடுத்த வாரத்துக்குக் காத்திருந்தோம். ஆனால் அவன் கோபத்தை அழகு என்று நினைக்கிற பழக்கம் அந்தக் கதைகளில் இருந்தும்தான் வந்திருக்கும். அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

செல்வின் மாமா: மாதர் சங்கத் தலைவி பேசி முடித்தால் நான் ஒன்று கேட்கலாமா? இந்த இங்கிலீஷ் கதையில் எல்லாம் பனி பெய்கிறதே, லீட்ஸில் நிஜமாகவே பெய்கிறதா?

ஜாய்ஸ்: மழைதான் மாமா. சாம்பல் மழை. நாடு முழுக்கப் பரவலாகத் தரையில் பனி கிடந்த கிறிஸ்துமஸ் கடைசியாக 2010இல் என்கிறார்கள். இப்போது 25ஆம் தேதி எங்கேயாவது ஒரே ஒரு பனித்துகள் விழுந்தால் போதும், வானிலை ஆபீஸ் அதை வெள்ளை கிறிஸ்துமஸ் என்று எழுதிக்கொள்ளும்.

செல்வின் மாமா: அப்புறம் அட்டையில் அவ்வளவு பனி எங்கிருந்து வந்தது?

டேவிட்: அதற்கு ஒரு கதை உண்டு மாமா. சார்லஸ் டிக்கன்ஸ் பிறந்தது 1812. அவருடைய சின்ன வயதில் இங்கிலாந்தில் கடும் குளிர். 1814 பிப்ரவரியில் லண்டனில் தேம்ஸ் நதியே உறைந்து, அதன்மேல் கடை போட்டுத் திருவிழா நடத்தினார்கள். அதுதான் கடைசி முறை. 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, அடுத்த வருஷம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. அந்தக் குளிரில் வளர்ந்தவர் பெரியவராகி எழுதிய கிறிஸ்துமஸ் கதை 1843 டிசம்பர் 19 அன்று வந்தது. முதல் பதிப்பு 6,000 பிரதி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளுக்குள் தீர்ந்துவிட்டது. பண்டிகைக்குப் புத்தகம் போட்டால் விற்கும் என்று பதிப்பாளர்களுக்கு அப்போது நன்றாகப் புரிந்தது. இங்கிலீஷ்காரன் மனதில் இருக்கிற பனியில் பாதி அவர் கொடுத்தது என்பது என் எண்ணம்.

செல்வின் மாமா: எரிமலை வெடித்ததில் இருந்து பேக்கரி வரைக்கும் கொண்டுவந்துவிட்டான். அக்கா, இவனை வாத்தியார் வேலைக்கு அனுப்பியிருக்கலாம்.

டேவிட்: இன்னொன்றும் இருக்கிறது. நாளை மறுநாள் ஜேன் ஆஸ்டன் பிறந்து 250 வருஷம். அவருடைய எம்மா நாவல் 1815 டிசம்பரில் வந்தது. அதில் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி ஒரு விருந்து. பனி கொட்டப்போகிறது என்று எம்மாவின் அப்பா பயந்து எல்லாரையும் கிளப்புகிறார். அந்த அவசரத்தில் எம்மாவும் பாதிரியார் எல்டனும் ஒரே வண்டியில் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். கதவைச் சாத்தியதும் மனிதர் காதலைக் கொட்டுகிறார். எம்மாவோ அவருக்கு வேறொரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள்!

ஜாய்ஸ்: அய்யோ! என் பேக்கரிக் கதையிலும் பனியில் கார் நின்றுபோய் இரண்டு பேரும் மாட்டிக்கொள்கிற இடம் உண்டு. எல்லாப் புத்தகத்திலும் உண்டு.

எஸ்தர் பெரியம்மா: இப்போது எனக்கு விஷயம் பிடிபட்டது. அவர்களுக்குத் தனியாக மாட்டிக்கொள்ளப் பனி வேண்டும். நம் கதையில் சிக்கலே தனியாக இருக்க முடியாததுதான். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வருகிறான். வீடு நிறைய ஆள். கூடத்தில் மச்சான்கள், அடுப்படியில் அத்தைகள், மாடியில் பட்டாசு காய்கிறது. புதுப்பெண்ணுக்கும் அவனுக்கும் ரயிலில் வரும்போதே ஒரு மனத்தாங்கல். அதைத் தீர்த்துக்கொள்ள ஐந்து நிமிஷம் கிடைக்காமல் கதை முழுக்க ஓடும். கடைசியில் விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்கு எல்லாரும் வரிசையில் நிற்கும்போது கிணற்றடியில் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். முடிந்தது.

ஜாய்ஸ்: பெரியம்மா, நாலு வரி கிடைத்துவிட்டது! அப்படியே இங்கிலீஷில் எழுதி ஒட்டிவிடுகிறேன்.

பியூலா சித்தி: நம் ஆட்களின் தலைக் கிறிஸ்துமஸும் அப்படித்தான். ராத்திரி ஆராதனை, விடிந்ததும் சாப்பாடு, மத்தியானம் சொந்தக்காரர்கள். அதைப் பற்றி யாரும் கதை எழுதவில்லையே என்றுதான் ஆதங்கம். வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகிற கேரல் ரவுண்ட்ஸில் நடக்காத காதலா?

செல்வின் மாமா: பியூலா, உன் கதையை இங்கே சொல்லாதே. பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பியூலா சித்தி: அண்ணே!!!

டேவிட்: சித்தி, நீங்களே எழுதலாமே. யூடி போடுங்கள், நான் கமெண்ட் போடுகிறேன்.

இரவு 9:41

ஜாய்ஸ்: பெரியம்மா, உங்களிடம் பைண்டு செய்த தொடர்கதை எல்லாம் இருந்ததே. இன்னும் இருக்கிறதா?

எஸ்தர் பெரியம்மா: மர பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது. வாரப் பத்திரிகையில் இருந்து கிழித்து, வரிசைப்படுத்தி, மார்க்கெட் பக்கம் கொடுத்து பைண்டு செய்தது. தையல் போட்டவன் ஓரத்தை மிச்சம் விடாமல் குத்திவிட்டான், வலது பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் முதல் எழுத்து உள்ளே போய்விடும். "…வன் அவளைப் பார்த்தான்" என்று இருக்கும். எவன் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். அத்தியாயம் முடிகிற இடத்தில் அரைப்பக்கம் காபித்தூள் விளம்பரம், பின்பக்கம் ஜோக்கு.

ஜாய்ஸ்: லெண்டிங் லைப்ரரியும் போவீர்களா?

எஸ்தர் பெரியம்மா: போகாமல்? 1969இல் ராணிமுத்து வந்தது, மாதம் ஒரு முழு நாவல். அதற்கு முன்னால் ஒரு கதை முடிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லைப்ரரிக்காரர் புதுசு வந்தால் எனக்கு எடுத்து வைப்பார். லட்சுமி நாவல் என்றால் ஆச்சியே என்னை அனுப்புவாள். அவர் டாக்டர், தென்னாப்பிரிக்காவில் பல வருஷம் இருந்தவர். 1984இல் சாகித்ய அகாடமி கொடுத்தார்கள். "டாக்டரம்மா எழுதியது, படிக்கலாம்" என்று ஆச்சி சர்டிபிகேட் கொடுத்துவிடுவாள். ஹாஸ்டலில் மில்ஸ் அண்ட் பூன் இங்கிலீஷ் காதல் நாவல் படிக்கிற கூட்டம் ஒன்று இருந்தது, பிரவுன் அட்டை போட்டு "புவியியல்" என்று லேபிள் ஒட்டி வைத்திருப்பார்கள்.

டேவிட்: அம்மா, நீங்கள் எந்தக் கூட்டம்?

எஸ்தர் பெரியம்மா: எனக்குப் புவியியலில் நல்ல மார்க்.

ஜாய்ஸ்: 😂😂

எஸ்தர் பெரியம்மா: ஆனால் ஒரு பைண்டில் கடைசி இரண்டு அத்தியாயம் இல்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு மூங்கில் குச்சியில் உள்தாள் ஒட்டுவதற்கு ஒரு மகாராசன் கிழித்துக்கொண்டு போய்விட்டான். அந்தப் பெண் கணவன் வீட்டுக்குத் திரும்பினாளா இல்லையா என்று இன்று வரைக்கும் தெரியாது.

செல்வின் மாமா: அது நான் இல்லை. பியூலா.

பியூலா சித்தி: அப்போது நான் பிறக்கவே இல்லை அண்ணே.

ஜாய்ஸ்: பெரியம்மா, நீங்கள் என்ன முடிவு வைத்துக்கொண்டீர்கள்?

எஸ்தர் பெரியம்மா: கல்லூரி முடிக்கிற வரைக்கும் அவள் திரும்பிப் போனாள் என்று வைத்திருந்தேன். வேலைக்குப் போன பிறகு போகவில்லை என்று மாற்றிக்கொண்டேன். அவன் சரியான சந்தேகப் பிராணி.

ஜாய்ஸ்: என் புத்தகங்களில் ஒன்றை உங்களுக்கு அனுப்பட்டுமா? பழைய பொருள் விற்கிற சாரிட்டி கடையில் ஜனவரியில் கொட்டிக் கிடக்கும். இந்தக் கதைகள் எல்லாம் செப்டம்பர், அக்டோபரிலேயே வெளியாகிவிடும். பண்டிகை முடிந்தால் யாரும் தொட மாட்டார்கள்.

எஸ்தர் பெரியம்மா: ஒன்று அனுப்பு. மாட்டு டாக்டர் வருகிறது. நாய் சாகக் கூடாது.

ஜாய்ஸ்: நாய் சாகாது பெரியம்மா, அதற்கு நான் கியாரண்டி.

செல்வின் மாமா: ஐஸ்லாந்தில் கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் புத்தகம்தான் கொடுப்பார்களாமே? எங்கேயோ பார்த்தேன். நிஜமா டேவிட்?

டேவிட்: நிஜம்தான் மாமா. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் வெளிநாட்டுப் பொருள் இறக்குமதிக்கெல்லாம் கட்டுப்பாடு, காகிதம் மட்டும் ஓரளவு கிடைத்தது. அதனால் புத்தகம் பரிசாயிற்று. நாலு லட்சம் பேர்கூட இல்லாத நாடு அது. பண்டிகைக்கு முன்னால் புதுப் புத்தகப் பட்டியல் ஒன்று வெளிவரும். 24ஆம் தேதி ராத்திரி பரிசைப் பிரித்துப் படிக்க உட்கார்ந்துவிடுவார்கள்.

செல்வின் மாமா: அப்படியென்றால் இந்த வருஷம் உங்கள் அத்தைக்கும் சேலைக்குப் பதில் புத்தகம். பட்ஜெட் முடிந்தது.

எஸ்தர் பெரியம்மா: செல்வின், மைனி இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். பார்த்துப் பேசு.

செல்வின் மாமா இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்

டேவிட்: மாமா, அத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். ப்ளூ டிக் விழுந்துவிட்டது.

பியூலா சித்தி: மணி பத்து. யூடி வந்துவிட்டது. அவன் ஏர்போர்ட்டில் நிற்கிறான். யாரும் கூப்பிடாதீர்கள்.